வாகீசனும் பலாலி வெளிச்சமும்

அளவெட்டிக்காரருக்கு நாதஸ்வரம் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவன் இருமினாலே பொறுக்காது. அந்த ஊரில் பிறந்த வாகீசன் கலியாண வீட்டில் என்ன செய்வான் தெரியுமா? ராகம் உச்சத்தில் நிற்கும்போது வித்துவானின் முன்னால் போய் நின்று, "அண்ணை, கொஞ்சம் மேற்காலை திரும்பி ஊதுங்கோ, வெளிச்சம் போகுது" என்பான். ஒருமுறை தவில்காரர் தடியை ஓங்கிக்கொண்டு எழும்பினார். அடித்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

வாகீசன் படம் பிடிக்கிறவன். சுன்னாகத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தட்டில் அவனுடைய ஸ்டூடியோ. மேல்தட்டில் என் கந்தோர். நான் உதயகலா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, சரியான மொழிபெயர்ப்பு என்று முத்திரை குத்துவேன். பன்னிரண்டு வருசமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறேன். ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் வாகீசனின் வெளிச்சக் கதையைக் கேட்டாக வேண்டும். என் வாடகையில் அதற்கும் கழித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

பலாலிக்குச் சென்னையிலிருந்து பிளேன் வரத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு விசர் முற்றியது. அதுவரை சாமத்தியவீடு, கலியாணம், அந்தியேட்டிச் சடங்கு என்று மனிதரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை விமான நிலைய வீதியில் வைத்துப் பிடிப்பதே கலை என்று கண்டுபிடித்தான். சீ.ஆர். கொப்பி என்ற தடித்த குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கினான். நாலு கோடு கீறினான். விடிவெளிச்சம், உதயம், அஸ்தமனம், கடைசி வெளிச்சம். வருசம் முழுவதற்கும் பலாலிக்கு மட்டும் நேரம் எழுதினான். யாழ்ப்பாணத்து நேரம் கூடாதோ என்று கேட்டேன். பலாலி வேறு, யாழ்ப்பாணம் வேறு என்றான். பத்துமைல் தூரத்தில் சூரியன் என்ன, பஸ் மாறியா போகப் போகிறது? போன் காட்டுகிற நேரத்தையும் நம்ப மாட்டான். மாதத்துக்கு ஒரு நாள் பலாலி வீதியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மணிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்ப்பான். போனுக்கும் அவனுக்கும் ஒரு நிமிசம் வித்தியாசம் வந்தால் அந்த நிமிசத்தை ஒரு கிழமைக்குச் சொல்லித் திரிவான்.

பிறகு அதை அட்டையாக அச்சடித்தான். "பலாலி வெளிச்ச நேரங்கள்: பிரயாணிகளுக்கும் படப்பிடிப்பாளர்களுக்கும்" என்று தலைப்பு. ஆனி கடைசியில் அஸ்தமனம் ஆறு முப்பத்து மூன்று, கார்த்திகையில் ஐந்து நாற்பத்தைந்து, அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிசம் வானம் பயன்படும், இப்படி. ஆட்டோக்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், கோயில் ஐயர், ஒருவரையும் விடவில்லை. சுவிசில் இருந்த ஒரு குடும்பம் இந்த அட்டையை நம்பிப் பயணத் திகதியையே மாற்றியது. வந்திறங்கிய அன்று மழை கொட்டியது. வாகீசன் வெட்கப்பட்டானா? மழைக்குத் தான் பொறுப்பில்லை என்றும், மழை இல்லாவிட்டால் வெளிச்சம் அந்த நிமிசத்தில் அங்கேதான் இருந்திருக்கும் என்றும் சொன்னான்.

ஸ்டூடியோ வாசலில் "சோடிக்காத படம்" என்று பலகை தொங்கும். எதிர்ப்பக்கத்தில் டினேசின் ஸ்டூடியோ. டினேஸ் தெல்லிப்பழை மாப்பிள்ளைக்குப் பின்னால் பனிமலை ஒட்டுவான், மானிப்பாய்ப் பொம்பிளைக்கு மேலே செவ்வானம் ஒட்டுவான். அதனால் வாகீசனுக்கு ஒரு பெருமை. "என்ரை படத்திலை நிக்கிற வானம் அண்டைக்கு நிண்ட வானம், அக்கா. நிமிசம் கேட்டாலும் சொல்லுவன்" என்பான். கேட்காமலே சொல்லுவான் என்பதை அவன் சொல்ல மாட்டான்.

இவனிடம்தான் இளையதம்பி அண்ணை தன் மகளின் கலியாணப் படவேலையைக் கொடுத்தார். இளையதம்பி அண்ணை செம்மண்ணில் வெங்காயம் செய்கிறவர். நல்ல உழைப்பாளி. ஆனால் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் மூக்குச் சீற மாட்டார். எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டுவிட்டால், வாக்கியமா திருக்கணிதமா என்று இன்னொரு நாள் போய்விடும். மகள் தர்சினிக்கு இருபத்தொன்பது வயது. முன்னம் பேசிவந்த இரண்டு சம்பந்தமும் சாதகத்தால் குழம்பின. மூன்றாவதாகக் கனடாவில் இருக்கும் சயந்தன் பொருந்தினான். எட்டு மாதம் இருவரும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைத்தார்கள். தை மாதம் அவன் கலியாணத்துக்கு வந்தான். வந்த நாள் புதன்கிழமை.

அன்று நடந்ததைத் தர்சினி பிறகு எனக்குச் சொன்னாள். பிளேன் பகல் பதினொன்று முப்பத்தைந்துக்கு இறங்கியது. பெட்டி எடுத்து, கடுதாசி காட்டி, மாப்பிள்ளை வெளியே வரப் பன்னிரண்டு பத்து. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் ராகுகாலம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் நேரில் முதன்முதல் முகம் பார்ப்பது ராகுகாலத்திலோ? இளையதம்பி அண்ணை மகளை வான் வண்டிக்குள் ஏற்றித் திரையை இழுத்துவிட்டார். எட்டு மாதம் தினமும் பார்த்த முகத்தை, பத்தடி தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றேகால் மணித்தியாலம் அவள் பார்க்கக்கூடாது. எட்டாயிரம் மைல் பறந்து வந்தவன் தன் பெரியம்மாவோடு வெயிலில் நின்று வியர்த்தான். வட்ஸ்அப்பில் பார்த்தபோதெல்லாம் ராகு எங்கே போயிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு இரு வீட்டு வானும் வீதியோரத் தேத்தண்ணிக் கடைக்குப் போயின. ஒன்று முப்பத்தொன்றுக்குத் திரை திறந்தது. அவள் இறங்கினாள். சயந்தன் ஒரு சோடாப் போத்தலை நீட்டினான். அவ்வளவுதான் அவர்களுடைய முதற் சந்திப்பு. உலகத்தில் வேறெந்தப் படக்காரனாக இருந்தாலும் அதைப் பிடித்திருப்பான். வாகீசன் வெளிச்சம் பார்ப்பதற்காக ஒரேயொரு தரம் அமுக்கிவிட்டு, கமெராவைப் பைக்குள் வைத்தான். மொட்டை வெயில், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும், இதெல்லாம் படத்துக்கு ஆகாது என்று இளையதம்பி அண்ணைக்குப் பாடம் எடுத்தான். அட்டையை எடுத்துக் காட்டினான். அன்றைக்கு அஸ்தமனம் ஆறு பதின்மூன்று. ஐந்தரைக்கு எல்லாரும் திரும்பி வந்தால் வரவேற்பைத் திரும்ப நடத்தலாம்.

நடத்தினார்கள். பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, முகம் கழுவி, அதே உடுப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு, விமானக் கொம்பனியின் அடையாளத் துண்டு கட்டினபடியே பெட்டியைக் கொண்டுவந்தார்கள். சாமானை எல்லாம் இறக்கிவிட்டதால் பெட்டி வீதியில் துள்ளியது. வாகீசனுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே ஒரு மூட்டை வெங்காயம் வைத்தார்கள். மாப்பிள்ளை ஒன்பது தரம் வெங்காயத்தை இழுத்துக்கொண்டு வந்தான். தர்சினி ஒன்பது தரம் அவனை முதன்முதலாகக் கண்டாள். ஆறு மணி நாலு நிமிசத்துக்கு வாகீசன் தலையாட்டினான். அந்தப் படம் இரண்டடிக்கு மூன்றடியில் ஸ்டூடியோக் கண்ணாடிக்குள் ஏறியது. அழகான படம்தான். பின்னால் நிற்கிற சூரியன் உண்மை, முன்னால் நிற்கிறவர்கள் மட்டும் பொய்.

கலியாணம் முடிந்து ஐந்து கிழமையில் சயந்தன் போய்விட்டான். தர்சினிக்கு விசாவுக்கு எழுதினார்கள். கடுதாசி எல்லாம் என் கையால்தான் போனது. கூடவே நாற்பது படம். கலியாணம் கலியாணம்தான் என்று வெள்ளைக்காரனுக்குக் காட்ட ஐயர், தாலி, பதிவுக்காரர் மூன்றும் போதாது, படமும் வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் இளையதம்பி அண்ணை தமிழில் எழுதியிருந்ததை நான் ஆங்கிலமாக்கினேன்.

புரட்டாதியில் பதில் வந்தது. பயணச்சீட்டின்படி விமானம் பகலில் இறங்கியிருக்கிறது, ஏழாம் படத்தில் சூரியன் அடிவானத்தில் நிற்கிறது, அந்த விமான நிலையத்தில் அன்றைய அஸ்தமனம் மாலை ஆறு பதின்மூன்று, ஆகவே இந்தச் சந்திப்பு உண்மையில் நடந்ததா, இந்தத் திருமணம் மெய்யானதா என்பதை முப்பது நாளுக்குள் விளக்கவும். கடல் தாண்டி ஒரு கந்தோரிலும் ஒரு வாகீசன் கொப்பியோடு இருந்திருக்கிறான்.

தர்சினி அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் இருந்தாள். ஊரில் ஏற்கெனவே வாய் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் விசா வரேல்லையோ என்று கேட்பவர்கள் ஒவ்வொருவரும் அவளின் கழுத்துத் தாலியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள். மறுத்துவிட்டால் திரும்ப வழக்கு, திரும்ப வருசக்கணக்கு. அதுவரை அவள் வாழாவெட்டியும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை.

"அன்ரி, இது கலியாணம் இல்லையெண்டே எழுதியிருக்கினம்?" என்று கேட்டாள்.

சந்தேகம் என்று மட்டுந்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் போனபிறகு என் கடுதாசிக் கோவையை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் படம். இளையதம்பி அண்ணை எழுதியது: "மாப்பிள்ளை வந்த அன்று." அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் இல்லை. என் ஆங்கிலத்தில் இருந்தது: பகல் 11.35க்கு விமானத்தில் வந்திறங்கிய மணமகனை மணமகள் வரவேற்கிறார். நேரத்தை நான்தான் பயணச்சீட்டில் பார்த்துச் சேர்த்திருக்கிறேன். வந்த அன்று என்றால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது, கொஞ்சம் விளக்கமாக இருக்கட்டும் என்ற கெட்டித்தனம். படத்தைப் பார்த்தேனா? வாகீசனின் படம்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தியிருக்கிறேன். ஊரில் எல்லாருடைய முதுகும் எனக்குத் தெரியும். என் முதுகு தெரியவில்லை.

இருபத்தாறு வருசமாக ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். கூட்டினேன் என்று தெரிந்தால் என் மொழிபெயர்ப்பாளர் பதிவு போகும். பயந்தேன். பயந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் இளையதம்பி அண்ணை மகளோடு வந்து, வாகீசனை மேலே கூப்பிட்டு நிற்பாட்டி வைத்துப் பேசினார். நியாயப்படி அரைவாசி ஏச்சு ராகுவுக்குப் போயிருக்க வேண்டும். ராகு அங்கே வரவில்லை, வாகீசன் வந்திருந்தான்.

"உவன்ரை வெளிச்சத்தாலை என்ரை பிள்ளையின்ரை சீவியம் போகுது, பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். வாகீசன் முதலில் தன் வழக்கத்தை விடவில்லை. படத்தில் பிழையில்லை, சூரியன் நிற்கவேண்டிய இடத்தில்தான் நிற்கிறது, அந்த வெள்ளைக்காரனும் சரியான நேரம்தான் எழுதியிருக்கிறான் என்று மெச்சினான். எனக்கு அவனைப் படியில் உருட்டிவிடலாம் போல இருந்தது. பிறகு அவன் படங்களின் பட்டியலைக் கையில் வாங்கி, ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தான். ஏழாவதில் அவனுடைய விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பட்டியலை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போனான்.

திரும்பி வரும்போது சின்னப் படம் ஒன்று கொண்டுவந்தான். தேத்தண்ணிக் கடையில் வெளிச்சம் பார்க்க அமுக்கியது. அவனுக்குக் கேடுகெட்ட பழக்கம் ஒன்று உண்டு, வெளிச்சம் பார்த்த படம் ஒன்றையும் அழிக்க மாட்டான். கொப்பியில் நேரம் எழுதி இலக்கம் போட்டு வைத்திருப்பான். பகல் 1.33. படம் சரிந்திருந்தது. இளையதம்பி அண்ணையின் தோள் பாதியை மறைத்தது. தர்சினி முகம் வெயிலில் சுருங்கி, வாய் திறந்தபடி, ஒரு கையால் சோடாவையும் மற்றக் கையால் சயந்தனின் சேட்டு நுனியையும் பிடித்திருந்தாள். சயந்தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உது படமில்லை, வெளிச்சம் பார்த்தது" என்றான் வாகீசன்.

தர்சினி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டாள். தகப்பனும் மகளும் கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுக்கக் கீழே போனார்கள்.

அறையில் நானும் அவனும். அந்தப் படத்தோடு ஒரு சத்தியக் கடதாசி வைக்க வேண்டும், மாலையில் நடந்தது தான் சொல்லி நடத்திய நடிப்பு என்று அவன் சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். ஓம் என்றான். நான் எழுதத் தொடங்கினேன். எங்கே நின்றார்கள், எத்தனை தரம் நடந்தார்கள், பெட்டிக்குள் வெங்காயம், எல்லாம் சொன்னான். அஸ்தமனம் 6.13, படம் பிடித்தது 6.04, கடைசி வெளிச்சம் 6.35 என்று, கேட்காததையும் சொன்னான். தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற கடதாசியிலும் அவனுக்கு நிமிசம் சரியாக இருக்க வேண்டும்.

"பதினொன்று முப்பத்தைந்து எண்டு நேரம் சொன்னதும் நான்தான் எண்டு போடுங்கோ" என்றான் பிறகு.

என் பேனை நின்றது.

"நீ சொல்லேல்லையே" என்றேன்.

"ஓம், நான் சொல்லேல்லை. உங்கடை முத்திரை பிழையெண்டு வந்தால் அந்தப் பிள்ளையின்ரை பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்கள். எல்லாத்திலையும் உங்கடை முத்திரைதானே கிடக்கு." யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களுக்காகச் சொல்லேல்லை, அக்கா. எழுதுங்கோ."

எழுதினேன். வாகீசன் ஆகிய நான், மேற்படி படத்தின் நேரத்தைப் பிழையாகக் கூறினேன். அவன் அதை இரண்டு தரம் வாசித்தான். பிழையாக என்ற சொல்லில் கொஞ்சம் நின்றான். கையெழுத்துப் போட்டான். வாழ்க்கையில் ஒரு நேரத்தையும் பிழையாகச் சொல்லாத மடையன் அவன்.

கடதாசியும் கோணல் படமும் போய் ஏழாவது கிழமை விசா வந்தது. சமாதான நீதவானின் வாய் அதற்கு முன்னமே வேலை செய்துவிட்டது. படக்காரன் நேரத்தைப் பிழையாகச் சொல்லி ஒரு பொம்பிளையின்ரை விசாவையே கெடுக்கப் பார்த்தான் என்று சந்தைக்குள் கதை. ஆட்டோக்காரர் அட்டையைக் கிழித்தார்கள். தை மாதத்துக்கு அவனிடம் சொல்லிவைத்த மூன்று கலியாணம் எதிர்ப்பக்கம் போனது. டினேஸ் மூன்றுக்கும் செவ்வானம் ஒட்டுவான், அதில் நேரம் கேட்க ஒருவரும் இல்லை. வாகீசன் இப்போது பாஸ்போட் படம் பிடிக்கிறான். நான் படியில் ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை. பன்னிரண்டு வருசமாக நான் ஆசைப்பட்ட அமைதி அது.

தர்சினி கனடாவுக்கு வெளிக்கிடுவதற்கு முதல் நாள் இளையதம்பி அண்ணை வீட்டில் சாப்பாடு. நல்ல நேரம் பார்த்து இலை போட்டார்கள். என்னை முதல் பந்தியில் இருத்தினார்கள், எனக்கு ஒரு சீலையும் தந்தார்கள். வாகீசனுக்குச் சொல்லவில்லை. தர்சினி வந்து எனக்குப் பாயாசம் விட்டாள். இளையதம்பி அண்ணை எல்லாருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார், வெங்காயம் வந்த இடத்தில் பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சயந்தனின் பெரியம்மாவுக்கு ஒன்று விளங்கவில்லை. அவ்வளவு கொப்பி வைத்திருக்கிறவன் நேரத்தை எப்படிப் பிழையாகச் சொன்னான் என்று கேட்டாள்.

இளையதம்பி அண்ணை என் பக்கம் திரும்பினார். "கடதாசி எழுதினது இவதானே. பிள்ளை, நேரத்தைப் பிழையாச் சொன்னது அவன்தானே?"

தர்சினி பாயாச வாளியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணை," என்றேன். "அவன்தான்."